எல்லாக் கைகளும் நடுங்கும்

பதக்கம் வெல்லும் கையும், பேனா பிடிக்கத் தடுமாறும் கையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. நடுக்கத்தைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் மனத் துணிவைவிட தசையின் களைப்புக்கும் உடம்பின் நிலைக்கும் பங்கு அதிகம்.

ஆகஸ்ட் 1, 2024. பிரான்ஸின் ஷாத்தொரூ நகரத் துப்பாக்கி சுடும் அரங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் ஸ்வப்னில் குசாலே. வயது 28. கோலாப்பூர் மாவட்டம் கம்பல்வாடி கிராமத்துக்காரர். மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். முதலில் மண்டியிட்டபடி 15 குண்டுகள். அது முடிந்தபோது அவர் ஆறாவது இடத்தில் இருந்தார். பிறகு படுத்தபடி 15. ஐந்தாவது இடம். கடைசியாக நின்றபடி சுட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலத்தைப் பிடித்தார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

டி.வி.யில் பார்த்தவர்களுக்கு, யார் அதிக நேரம் சிலைபோல நிற்கிறார்கள் என்பதற்கான போட்டியாக இது தோன்றியிருக்கும். ஆனால் சிலைபோல நிற்க எந்த மனிதராலும் முடியாது. 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கின் நடு வட்டம் 10.4 மி.மீ. அகலம்தான், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை நோக்கி நீட்டிய துப்பாக்கியின் முனை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அசைவை ஒழிப்பது வீரரின் வேலையல்ல. அதைச் சின்னதாக்கி, சின்னதாக இருக்கும் கணத்தில் விசையை அழுத்துவதுதான் வேலை.

அது எவ்வளவு சின்னதாகும் என்பதை உடம்பு இருக்கும் நிலை பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. படுத்துச் சுடும்போது இரண்டு முழங்கைகளும் தரையில் ஊன்றியிருக்கின்றன. ஒரு தோல் வார் துப்பாக்கியைக் கையோடு இழுத்துக் கட்டியிருக்கிறது. மண்டியிடும்போது ஒரு முழங்கைக்கு முழங்கால் தாங்கல். நிற்கும்போது வாரும் கிடையாது, தரையும் கிடையாது. 8 கிலோ வரை எடை இருக்கக்கூடிய ரைபிளின் பாரம் முழங்கை வழியாக இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். படுத்த நிலையில் புள்ளிகள் கூடுவதும் நின்ற நிலையில் குறைவதும் உலகின் எல்லா வீரர்களுக்கும் பொது. அதே ஆள், அதே துப்பாக்கி, அதே நாள். மாறியது உடம்பு தாங்கி நிற்கும் விதம் மட்டுமே. போதாக்குறைக்கு, தாங்கல் மிகக் குறைந்த அந்த நிலை, உடம்பு மிகவும் களைத்திருக்கும் கடைசி நேரத்தில் வருகிறது.

களைப்பு, உடல்நிலை என்ற இந்த இரண்டும் ஒலிம்பிக் அரங்கத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போதும், மூன்று மணி நேரத் தேர்வின் கடைசிப் பக்கத்தை எழுதும்போதும், வங்கி கவுண்டரில் கையெழுத்துப் போடும்போதும் அவை உடன் இருக்கின்றன. என்ன, அங்கே யாரும் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தேரும் வடமும்

ஒரு சின்னச் சோதனை. கையை முன்னால் நீட்டுங்கள். விரல்களை விரித்து அவற்றின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். காற்றே இல்லாத அறையிலும் தாளின் ஓரம் மெல்லப் படபடக்கும். இது நோயல்ல. உடலியல் நூல்கள் இதை இயல்பு நடுக்கம் என்று சொல்கின்றன. குழந்தை முதல் கிழவர் வரை, பயில்வான் முதல் பலவீனர் வரை எல்லாருக்கும் உண்டு. நீட்டிய கையில் இது பெரும்பாலும் விநாடிக்கு 8 முதல் 12 முறை. வீச்சு மிகச் சிறியது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏன் நடுங்க வேண்டும்? தசை ஒரே கயிறாக இழுப்பதில்லை என்பது முதல் காரணம். ஒவ்வொரு தசையும் நூற்றுக்கணக்கான சிறு குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் தண்டுவடத்திலிருந்து தனி நரம்புக் கட்டளை வருகிறது. கட்டளை வரும்போது குழு ஒரு வெட்டு வெட்டி இழுக்கும், பிறகு தளரும். தேர் வடம் பிடிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் சீராக உருளும். எல்லாரும் ஒரே குரலில் சேர்ந்து இழுத்தால் தேர் குலுங்கிக் குலுங்கி நகரும். தசைக் குழுக்கள் தாறுமாறான நேரங்களில் இழுக்கும்வரை கை சீராக நிற்கிறது. அவற்றின் இழுப்பு ஒரே தாளத்துக்கு வரும்போது குலுக்கல் வெளியே தெரிகிறது.

இரண்டாவது காரணம் இதயம். ஒவ்வொரு துடிப்பின்போதும் ரத்தம் பாயும் அதிர்வு விரல் நுனிவரை வந்து சேர்கிறது. இரு துடிப்புகளுக்கு இடையே விசையை அழுத்தப் பார்க்கும் துப்பாக்கி வீரர்கள் உண்டு. மூன்றாவது, கையே ஒரு ஸ்பிரிங் போலச் செயல்படுகிறது. எடை கூடிய பகுதி மெதுவாக ஆடும். எடை குறைந்த பகுதி வேகமாக ஆடும். முழங்கையின் இயற்கையான ஆட்டம் விநாடிக்கு 3 முதல் 5 முறை. விரலுடையது 20-ஐயும் தாண்டும். கடைசியாக, தசையின் நீளம் மாறியது என்ற செய்தி தண்டுவடத்துக்குப் போய், திருத்தும் கட்டளை திரும்பி வரச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதற்குள் கை கொஞ்சம் விலகியிருக்கும். திருத்தம் எப்போதும் ஒரு கணம் தாமதமாகவே வருவதால், திருத்தமே ஓர் ஆட்டமாகிவிடுகிறது.

இந்த நான்கும் ஆரோக்கியமான உடம்பில் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பெரிதாக்குவதில் முதலிடம் களைப்புக்கு.

இரண்டு வாளித் தண்ணீர்

மாடி வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறிவிட்டு உடனே ஊசியில் நூல் கோர்க்க முடியாது. ரயில் நிலைய மேம்பாலத்தில் பெட்டியைத் தூக்கி வந்தவர் முன்பதிவுப் படிவத்தை நிரப்பும்போது எழுத்துகள் கோழிக் கிறுக்கலாக வருவதும் இதனால்தான்.

உள்ளே நடப்பது இது: லேசான வேலைக்கு மூளை முதலில் சிறிய தசைக் குழுக்களை அழைக்கிறது. அவை குறைந்த விசையை நுணுக்கமாகக் கொடுக்கக்கூடியவை. வேலை நீண்டு அவை களைக்கும்போது, அதே விசையைக் காப்பாற்றப் பெரிய குழுக்கள் வரவழைக்கப்படுகின்றன. பெரிய குழுவின் ஒவ்வோர் இழுப்பும் முரட்டு இழுப்பு. பொற்கொல்லர் செய்துகொண்டிருந்த வேலையைச் சம்மட்டிக்காரரிடம் கொடுத்தது போலத்தான். கூடவே, களைத்த தசையின் குழுக்கள் ஒரே தாளத்தில் இழுக்கும் போக்கும் அதிகரிக்கிறது. கடுமையான உழைப்புக்குப் பின் இந்த மிகை நடுக்கம் சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்று சொல்ல முடியாது. மணிக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

ஒன்றைத் தூக்கி அசையாமல் பிடித்திருப்பது, தூக்கி இறக்குவதைவிட தசைக்குக் கடினம். இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. முழு பலத்தில் பாதியைச் செலவிட்டால் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்குவது கடினம்.

பிஸ்டல் வீரர்களின் பழக்கம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தகுதிச் சுற்றுக்கு 60 குண்டுகள், 75 நிமிடங்கள். பிஸ்டலின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரே கை, மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது என்று விதி. முன் குறியும் பின் குறியும் 1 மி.மீ. விலகினால் இலக்கில் குண்டு ஏறக்குறைய 3 செ.மீ. தள்ளிப் போகும். நடு வட்டமோ 11.5 மி.மீ. இந்தப் பிரிவில் ஜூலை 28, 2024 அன்று தனி வெண்கலமும், இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் இரட்டையர் வெண்கலமும் வென்ற மனு பாக்கரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: கை உயர்கிறது, சில விநாடிகளில் சுடுகிறது, இறங்குகிறது. இடையில் கை மேசைமேல் இளைப்பாறுகிறது. நேரம் நீண்டு, பார்வை மங்கி, தோள் கனக்கத் தொடங்கினால் நல்ல வீரர் சுட மாட்டார். கையை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவார். பயிற்சி பெறுபவர்கள் கற்றுக்கொள்ள மிகவும் சிரமப்படும் பாடம், சுடாமல் கையை இறக்குவது.

களைப்பு நடுக்கத்தோடு நிற்பதில்லை. கை எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வும் கெடுகிறது. களைத்த கையின் முழங்கை எந்தக் கோணத்தில் மடிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் தவறு கூடுகிறது. தம்ளரை வைக்கும்போது மேசை விளிம்பில் இடிப்பதும், படியின் உயரத்தைத் தப்பாகக் கணித்து இடறுவதும் பெரும்பாலும் நாள் முடிவில்தான்.

மனக் களைப்பும் கையில் தெரியும். இத்தாலியின் டூரின் நகரத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த ஆஞ்செலோ மோசோ, விரலில் எடையைக் கட்டித் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லி அதைக் கோடாகப் பதிவு செய்யும் கருவி ஒன்றை உருவாக்கினார். நீண்ட நேரம் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த ஆசிரியரின் விரல், காலையில் தூக்கிய அளவுக்குத் தூக்கவில்லை. ஆசிரியர் அன்று எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை. மோசோ 1891-இல் களைப்பைப் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது.

கையைத் தாங்குவது யார்?

60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை, தோளிலிருந்து விரல் நுனி வரை, ஏறக்குறைய 3 கிலோ. எதையும் தூக்காமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தாலும் தோள் அந்த 3 கிலோவைச் சுமக்கிறது. முன்கையை மேசைமேல் வைத்ததும் அந்த வேலையை மேசை ஏற்றுக்கொள்கிறது. விரலின் வேலை விரலுக்கு மட்டும் மிஞ்சுகிறது.

தாங்கல் இல்லாத கையில் ஒவ்வொரு மூட்டின் ஆட்டமும் அடுத்த மூட்டுக்கு வந்து சேர்கிறது. தோளில் ஒரு மயிரிழை அசைந்தால் நீட்டிய கையின் நுனியில் அது பல மடங்கு. எனவே விரல் நடுங்குகிறது என்று விரலையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. குற்றவாளி தோளாக இருக்கலாம். கூன் போட்ட முதுகாக இருக்கலாம். சரியாக ஊன்றாத பாதமாகவும் இருக்கலாம்.

பாதத்துக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்? 1967-இல் சோவியத் ஆய்வாளர்கள் ஒரு எளிய விஷயத்தைக் காட்டினார்கள். நிற்பவரிடம் கையைச் சட்டென்று உயர்த்தச் சொன்னால், கைத்தசை இறுகுவதற்கு முன்பே கால் தசைகளும் முதுகுத் தசைகளும் இறுகிவிடுகின்றன. கை உயர்ந்தால் உடம்பு சாயும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கைக்குக் கட்டளை இடுகிறது. அந்த முட்டுத் தசைகள் களைத்திருந்தால் கை ஆரோக்கியமாக இருந்தும் குறி தப்பும்.

அதே ஆய்வாளர் வட்டம் சில வருடங்களில் பிஸ்டல் வீரர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டது. தேர்ந்த வீரரின் மூட்டுகள் அசையவே இல்லை என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அசைந்தன. ஆனால் தோள் ஒரு பக்கம் விலகினால் மணிக்கட்டு எதிர்ப்பக்கம் விலகியது. துப்பாக்கி முனை இருந்த இடத்தில் இருந்தது. புதியவரின் தோளும் மணிக்கட்டும் ஒன்றை ஒன்று கவனிக்காமல் தனித்தனியாக அசைந்தன. நல்ல கூட்டுக் குடும்பத்தைப் போல, ஒருவர் தவறை இன்னொருவர் சரிக்கட்டுவதையே உடலியக்க ஒருங்கிணைப்பு என்கிறோம். வருடக்கணக்கான பயிற்சியில் உடம்பு கற்றுக்கொள்வது இதைத்தான்.

பாதத்தின் கீழே இருக்கும் தரையே மோசம் செய்தால்? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்தார். இறுதிச் சுற்றில் ஏழாவது. அவர் நின்ற இடத்தில் ஒரு தரை ஓடு சரியாகப் பதியாமல் அதிர்ந்தது என்பது பிற்பாடு தெரிய வந்தது. ஊருக்குத் திரும்பியவர் பதியாத ஓட்டின் மேல் நின்றே சுட்டுப் பழகினார். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில், கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். ஏர் ரைபிள் இலக்கின் நடுப் புள்ளி அரை மி.மீ. அகலமே கொண்டது, ஓட்டின் அதிர்வு அவ்வளவு தூரம் போகும்.

பயம் எங்கே வருகிறது?

‘கை நடுங்குகிறதே, பயமா?’ என்று கேட்பது நம் பழக்கம். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின், இதயத்தை வேகப்படுத்துவதோடு தசையிலும் நேரடியாக வேலை செய்து நடுக்கத்தைக் கூட்டுகிறது. ஆஸ்துமாவுக்கு சால்புடமால் உறிஞ்சுபவர்களில் சிலருக்கு எந்தப் பயமும் இல்லாமலே கை நடுங்கும். அந்த மருந்தும் தசையில் அதே இடத்தைத்தான் தொடுகிறது. காபி அதிகமானாலும், சாப்பாட்டு வேளை தள்ளிப்போய் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், குளிரிலும் இதே நடுக்கம்தான். மனது உறுதியாக இருக்கிறதா என்று கையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அட்ரினலினின் இந்த வேலையைத் தடுக்கும் மருந்துகளுக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். முதலில் வந்தவற்றில் ஒன்றான ப்ராப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் வந்த மருந்து, துப்பாக்கி வீரர்களின் கண்ணில் பட அதிக நாள் ஆகவில்லை. இன்று துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் அதற்குத் தடை. பெய்ஜிங்கில் இரண்டு பதக்கங்கள் வென்ற வட கொரியாவின் கிம் ஜோங் சு, ப்ராப்ரனலால் உட்கொண்டது தெரிந்ததும் இரண்டையும் இழந்தார்.

மருந்துக்குத் தடை இருப்பதால் வீரர்களுக்கு மிஞ்சுவது பழைய வழிகள்தான்: பாரத்தை எலும்பின் மேல் இறக்குவது, களைக்கும் முன் ஓய்வெடுப்பது, மூச்சை ஒழுங்குபடுத்துவது. ரைபிள் வீரர்களின் விறைப்பான கோட்டும்கூட முதுகுக்கு ஒரு தாங்கல்தான். தாங்கல் அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காக அதன் தடிமன் 2.5 மி.மீ.க்கு மிகக் கூடாது என்று அளந்து பார்க்கிறார்கள்.

கைதான் பிழைப்பு

ஒரு பதக்கத்துக்காக இவ்வளவு கணக்கு. கையை நம்பியே பிழைப்பவர்களின் நிலை என்ன?

வசதியான கோடியில் அறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். மைக்ராஸ்கோப் வழியாக நரம்பையும் ரத்தக் குழாயையும் தைக்கும்போது தையலோடு கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதனால் அவர்கள் மணிக்கட்டை நோயாளியின் உடம்புக்கு அருகே தாங்கலில் வைத்துக்கொண்டு விரல்களால் மட்டும் வேலை செய்கிறார்கள். கை வைத்த நாற்காலியில் உட்காருகிறார்கள். லேப்ராஸ்கோபி கருவிகள் நீளமானவை, முழங்கையை உயர்த்திப் பிடித்தால் தோள் விரைவில் களைத்து நுனி ஆடத் தொடங்கும். எனவே மேசையைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் உள்ள ரோபோ கருவிகள், டாக்டரின் கை நடுக்கத்தை வடிகட்டிவிட்டு அசைவை மட்டும் அனுப்புகின்றன.

பழைய கைத்தொழில்கள் இதே அறிவை எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் மேசை சாதாரண மேசையைவிட உயரம். ஏறக்குறைய மார்பு வரை வரும். முன்கை முழுதும் பலகையில் கிடக்க, விரல்கள் மட்டும் அசையும். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பொற்கொல்லர் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வார். மண்டியிட்ட குசாலே செய்ததும் அதுவே.

ஆனால் அறிவு இருந்தால் போதுமா? லக்னோவிலும் பரேலியிலும் ஜர்தோசி வேலை செய்பவர்கள், துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சுற்றித் தரையில் உட்காருகிறார்கள். ஒரு கை துணிக்கு மேலே, மற்றொன்று கீழே. சட்டத்தின் உயரம் பொருந்தினால் முன்கை அதன் விளிம்பில் சாயும். பொருந்தாவிட்டால் நாள் முழுவதும் தோள் தூக்கியபடியே இருக்கும். முதுகு வளைந்து, கழுத்து முன்னால் நீண்டு, நாள் சாயும்போது தையல் தடம் மாறும். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் கையை இறக்கி இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். பிஸ்டல் வீரர் 75 நிமிடங்களில் 60 முறை கையை இறக்குகிறார். விதி அதற்கு நேரம் தருகிறது. பட்டறையில் அந்த நேரத்தைத் தருபவர் யாருமில்லை. கெட்ட உருப்படிக்குக் கூலிப் பிடித்தம் மட்டும் தவறாது. ‘கை போய்விட்டது’ என்று ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்லும்போது, போனது கையா, அல்லது ஒரு சாண் உயரத்துப் பலகையும் பத்து நிமிட ஓய்வுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

எது நோய்?

எல்லா நடுக்கமும் ஓய்விலும் தாங்கலிலும் தீர்ந்துவிடும் என்று நினைப்பது ஆபத்து. மூன்று வகைகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கி, எதையாவது எடுக்கப் போகும்போது குறைந்தால் அது பார்க்கின்சன் நோயின் அடையாளமாக இருக்கலாம். அது மெதுவான நடுக்கம், விநாடிக்கு 4 முதல் 6 முறை. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். கூடவே நடை சுருங்கும், எழுத்து பொடிப்பொடியாகும்.

சும்மா இருக்கும்போது இல்லாமல், காபி தம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் கை நடுங்கினால் அது ‘எசென்ஷியல் ட்ரெமர்’ ஆகலாம். பார்க்கின்சனைவிடப் பரவலானது, குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. சிலருக்குத் தலையும் குரலும்கூட நடுங்கும். இதற்கு டாக்டர்கள் தரும் மருந்துகளில் ஒன்று, வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட அதே ப்ராப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் கடையில் தானே வாங்கி விழுங்கக் கூடாது.

பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் கூடி, விரல் குறி தவறினால் கோளாறு சிறுமூளையில் இருக்கலாம். திடீரென்று வந்த நடுக்கத்துடன் பேச்சுக் குழறல், ஒரு பக்கப் பலவீனம், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோயால் வரும் நடுக்கமும் களைப்பிலும் பதற்றத்திலும் கூடும். தாங்கல் இல்லாவிட்டால் இன்னும் கூடும். நோயைத் தீர்க்க முடியாத இடத்திலும் இவற்றைக் குறைக்க முடியும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, தம்ளரை இரண்டு கைகளாலும் பிடிப்பது, பாதி மட்டும் நிரப்புவது, தடித்த பேனா, நுணுக்கமான வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்வது எல்லாம் செலவில்லாத வைத்தியம்.

இதை நான் தெரிந்துகொண்டது என் தந்தையிடமிருந்து. அவருக்கு 76 வயது. 30 வருடங்கள் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவர். எசென்ஷியல் ட்ரெமர் வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. ஒரு நாள் மும்பையில், முதல் மாடியில் இருக்கும் ஒரு வங்கிக் கிளைக்குக் கூட்டிப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்து 24 படிகள் ஏறினார். 40 நிமிடம் வரிசையில் நின்றார். கவுண்டர் அவருடைய மார்பு உயரம்; முன்கையை வைக்க இடமில்லாத நான்கு விரல் அகல விளிம்பு. கண்ணாடிக்குக் கீழே நீட்டிய படிவத்தில் நின்றபடி கையெழுத்துப் போட்டார். ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டார். அதுவும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது முறை பேனா தாளைக் கிழித்தது.

பின்னால் நின்ற ஒருவர், காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாழ்நாளில் மது தொடாதவர். திரும்பிப் பார்க்கவில்லை.

“போயிடலாம்பா” என்றார் என்னிடம்.

“ஒரு நிமிஷம் இருங்கப்பா. உட்கார்ந்து போடலாம்” என்றேன்.

உள்ளே போய் ஒரு மேசையும் நாற்காலியும் கேட்டேன். இளம் அதிகாரி ஒருவர் தன் இருக்கையிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார். அப்பா உட்கார்ந்தார். பாதங்கள் இரண்டையும் தரையில் ஊன்றச் சொன்னேன். முன்கை முழுவதையும் மேசைமேல் வைத்தார். தண்ணீர் குடித்தார். பத்து நிமிடம் மூவரும் எதுவும் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, 30 வருடம் கோப்புகளில் போட்ட அந்தக் கையெழுத்தைப் போட்டார். கடைசிச் சுழியில் மட்டும் ஒரு சின்ன அலை. அதிகாரி கணினியில் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு படிவம் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். அதையும் அந்த மேசையிலேயே முடித்தோம். இப்போதெல்லாம் அப்பா வங்கிக்குப் போனால் வரிசையில் நிற்பதற்கு முன் ஒரு நாற்காலி கேட்கிறார். கொடுக்கிறார்கள்.